ஒரே மெத்தை – அத்தியாயம் 14: எந்தப் பக்கம் சாய்ப்பது?

கட்டிலை எல்லம்மாள் இன்னும் துடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காரை பெயர்ந்து விழுந்தது. இன்று புதன். மூன்று நாளாக அந்தக் கட்டில் அப்படியே கிடக்கிறது. புது உறை போட்ட தலையணை மேல் முறம் அகலத்துக்கு ஒரு சிமெண்டுப் பாளம்; விரித்த ஜமக்காளம் பூராவும் தூள். அண்ணாந்து பார்த்தால், பாளம் இருந்த இடத்தில் துருவேறிய கம்பிகள் பல்லைக் காட்டுகின்றன.

மகள் யுவஸ்ரீ படுப்பதற்காகப் போட்ட கட்டில் அது.

பெண்ணுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை திருவாலங்காட்டில் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் அடுக்கின கையோடு அவளைக் கே.ஜி.கண்டிகைக்கு அழைத்து வந்து, பிள்ளை பெற்றுத் தேறும்வரை வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி நாலு வருஷம் ஏங்கி வந்த பிள்ளை. எல்லம்மாள் அம்மையார்குப்பத்துக்குப் போய், தூளி கட்டுவதற்கென்று நெய்தவர் வீட்டிலேயே ஒரு பருத்திச் சேலை வாங்கி, அதை மூன்று தரம் அலசி, மஞ்சள் பையில் மடித்து வைத்திருக்கிறாள்.

மாப்பிள்ளை நவீன்குமார் திங்கட்கிழமை வந்து பார்த்தார். தங்கமான பிள்ளை, ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "மொதல்ல மெத்தைய பாருங்க அத்தே. மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, காபியைக்கூட வாசலில் நின்றே குடித்துவிட்டுப் போனார். அவர் கத்தியிருந்தால் எல்லம்மாளுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மெத்தை என்றால் படுக்கிற மெத்தை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திருத்தணிப் பக்கத்தில் சிமெண்டு ஒட்டு, அதாவது கான்கிரீட், போட்ட கூரையும் மெத்தைதான், அதற்கு மேல் நிற்கிற மொட்டைமாடியும் மெத்தைதான்.

"ஏங்க, மேஸ்திரி வந்துட்டாரு," என்றாள் எல்லம்மாள்.

"வரட்டும். பாத்துட்டு, பூசிட்டுப் போவட்டும்," என்றார் ராஜமாணிக்கம், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அறுபத்தைந்து வயது. மூன்று நாளாக அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். பூசிட்டா போச்சு.

மேஸ்திரி கன்னியப்பன் ஒல்லியான மனுஷர், பேச்சும் ஒல்லிதான். உள்ளே வந்தவர் கட்டிலைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். ஒரு நீள இரும்புக் கம்பியை வாங்கி, மேலே மூலைக்கு மூலை தட்டிக்கொண்டே போனார்.

"இன்னாபா சத்தம் கேக்கற?" என்றார் ராஜமாணிக்கம்.

"ஒட்டு நல்லா இருந்தா கணீர்னு சொல்லும் நைனா. இது டப்பு டப்புன்னுது."

கூடத்து நடுவில் ஒரு இரும்புக் கொக்கி தொங்கியது. யுவஸ்ரீயைத் தூளியில் போட்டு ஆட்டியது அதில்தான். மேஸ்திரி அதை விரலால் லேசாகத் தொட்டதுதான் தாமதம், பொலபொலவென்று மண்ணாகக் கொட்டியது.

"இதுல எதையும் மாட்டிடாதம்மா," என்றார்.

எல்லம்மாளுக்கு மஞ்சள் பை ஞாபகம் வந்தது. அது எங்கே இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலே ஏற ஏணிதான். மாடிப்படி ராஜமாணிக்கத்தின் தம்பி ராஜவேலு பக்கம் போய்விட்டது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாமனார் காலமானதும், அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றுத் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பிரித்தார்கள். வீட்டை நட்டநடுவில் ஒரு சுவர் வைத்துப் பிரித்தார்கள். மெத்தையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது மாமனார் ஒரே நாளில், ஊரையே கூப்பிட்டு, ஒரே மூச்சில் போட்ட ஒட்டு. சரி, அதற்கு மேல் ஒரு செங்கல் உயரத்துக்கு நடுவில் வரப்பு கட்டினார்கள். மெத்தைக்கு வரப்பு கட்டினவர்களை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜவேலுவின் மனைவி வள்ளிநாயகி, எல்லம்மாளின் கூடப் பிறந்த தங்கை. அக்காளை அண்ணனுக்கும் தங்கையைத் தம்பிக்கும் ஒரே பந்தலில் கொடுத்தார் இவர்களுடைய அப்பா. பெண்கள் ஒன்றாக இருப்பார்கள் என்று நினைத்தார், பாவம். ஒரு கூரைக்குக் கீழே பதினோரு வருஷமாக அக்காளும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கன்னியப்பன் மெத்தை மேல் ஏறினவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா இது? மெத்தையா, ஏரிக்கரையா?"

அப்படித்தான் இருந்தது. இந்தப் பக்கம் ஒரு மேடு. அந்தப் பக்கம் ஒரு மேடு. இரண்டும் சரிந்து இறங்கி, நடுவில் வரப்பு ஓரமாகப் பள்ளம். பள்ளத்தில் பாசி.

"வாட்டம் எடுத்தது," என்றார் ராஜமாணிக்கம். தண்ணீர் ஓடுவதற்குச் சரிவு வைப்பதைத்தான் வாட்டம் என்பார்கள்.

"வாட்டம் பின்பக்கம் தண்ணி எறங்கற தூம்புக்கு எடுக்கணும். நீங்க தம்பி வூட்டுக்கு எடுத்துகினு கீறீங்க."

"அவன் இன்னா, எங்க வூட்டுக்கு எடுக்கலியா?"

மேஸ்திரி குனிந்து உட்கார்ந்தார். உளியை வைத்து, வரப்புக்கு இந்தப் பக்கமாக ஒரு சாண் அகலத்துக்கு மெதுவாகத் தட்டித் தோண்ட ஆரம்பித்தார். எல்லம்மாள் ஏணியின் மேல்படியில் நின்று பார்த்தாள். தோண்டத் தோண்ட இறங்கிக்கொண்டே போனது. சிமெண்டு, அப்புறம் செங்கல் ஜல்லி, மறுபடி சிமெண்டு, மறுபடி ஜல்லி. மேஸ்திரியின் கை முழங்கை வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"அடியில கீது பாரு, இது உங்க அப்பா ஒட்டு மேல பதிச்ச தட்டு ஓடு. அத்தோட நிறுத்தியிருந்தா இன்னும் இருபது வருஷம் நின்னுருக்கும்," என்றார் கன்னியப்பன். "அதுக்கு மேல கீறதெல்லாம் யாரு போட்டது?"

"நான்தான்."

"வருஷா வருஷமா?"

"வருஷா வருஷம் இன்னாத்துக்கு? அவன் போட்டா நான் போடுவேன்."

நடந்தது இதுதான். பாகம் பிரித்த வருஷம் ஐப்பசி மழையில் தண்ணீர் அண்ணன் பக்கம் வந்து நின்றது. அண்ணன் தன் பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தினார். தண்ணீர் தம்பி பக்கம் போனது. மறுவருஷம் தம்பி மூன்று அங்குலம் உயர்த்தினார். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் மலையிலிருந்து இறங்கி ஊர் அடங்கினதும், இந்த வீட்டில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் கலவை போட ஆரம்பித்துவிடுவார்கள். வரப்பு புதைந்தால் அதற்கு மேல் ஒரு செங்கல் வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் அங்கேயும் போக முடியாமல், இங்கேயும் போக முடியாமல், நடுவிலேயே நின்று உள்ளே ஊறியது.

குழியின் பக்கவாட்டில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பத்து நாளாக மழையே இல்லை.

எல்லம்மாள் அந்தக் குழியில் கீழே இருந்து மேலாக எண்ணினாள். முதல் பூச்சு. அதை யார் போடச் சொன்னது? மேஸ்திரிக்குத் தெரியாது, ஊருக்கும் தெரியாது. 'நம்ம பக்கம் ரெண்டு அங்குலம் மேடு பண்ணிடுங்க, தண்ணி அந்தாண்ட போவட்டும்' என்று சொன்னது அவள்தான். சட்டி சட்டியாகக் கலவை சுமந்ததும் அவள்தான். அந்த வருஷ மழையில் தங்கை வீட்டுச் சுவர் ஈரமாக ஊறி நின்றதைக் கொல்லையிலிருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாளே, அதுவும் அவள்தான்.

"ரெண்டு பக்கமும் சேத்து ஒரு லாரி கரும்ப மெத்தை மேல ஏத்தி நிறுத்தியிருக்கீங்க," என்றார் மேஸ்திரி, கையைத் தட்டிக்கொண்டு. "ஒட்டு நடுவுல தொங்கிடுச்சு. சண்ட போட்டு ஒரு சுவரு வெச்சீங்களே, அது மேல உக்காந்துகினு கீது. அத்துக்கு அஸ்திவாரம்கூட இல்ல. அந்தச் சுவரு இல்லேன்னா எப்பவோ வந்திருக்கும்."

"சரிப்பா, கீழ பூசிட்டா?"

"பூச்சு நிக்காது நைனா. கம்பி செத்துப்போச்சு."

"மேல இருக்கற பாரத்த எறக்கிட்டா?"

"உளி வெச்சு அடிக்கற அதிர்ச்சிலயே மொத்தமும் எறங்கிடும். பிரிச்சுட்டுப் புதுசு போடறதுதான் வழி. அதுவும் பாதி பாதியா முடியாது. அந்தக் கோடில ஆரம்பிச்ச கம்பி இந்தக் கோடி வரைக்கும் ஓடுது. ரெண்டு வூடும் காலி பண்ணணும், ரெண்டு பேரும் சம்மதிக்கணும். ஐப்பசி பொறந்துடுச்சு, மழைல பிரிச்சா சுவரும் ஊறிப்போவும். இனிமே தை பொறக்கணும்."

"தையிலதானே கொழந்தையே பொறக்கப் போவுது!" என்றாள் எல்லம்மாள்.

மேஸ்திரி அவளைப் பார்த்தார். பிறகு ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். அவருக்கே ஏதோ புரியாத மாதிரி இருந்தது.

"இத்த நான் சித்திரையிலயே சொன்னேனேம்மா. உங்க மச்சினர் கூப்ட்டு கீழேருந்து பாத்தேன். வெயில் காலம், இப்பவே ரெண்டு பக்கமும் பிரிச்சுடுங்கன்னேன். அண்ணன்கிட்ட நானே போய் சொல்றேன்னாரே. வரலியா?"

ராஜமாணிக்கம் குனிந்து, குழியிலிருந்து தெறித்த ஜல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பக்கத்தில் குவிக்க ஆரம்பித்தார். அதை இப்போது பொறுக்கி என்ன ஆகப் போகிறது?

"இந்த வேலைல நான் கை வைக்க மாட்டேன் நைனா. கோவிச்சுக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கன்னியப்பன் இறங்கிப் போனார். "வேற மேஸ்திரியே இல்லியா ஊர்ல?" என்று ராஜமாணிக்கம் முதுகுக்குப் பின்னால் கத்தினது அவர் காதில் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

எல்லம்மாள் ஏணியிலிருந்து இறங்கினாள், முகத்தைக் கழுவினாள், தெருவில் எட்டு அடி நடந்தாள், தங்கை வீட்டு வாசலில் நின்றாள். அந்த எட்டு அடி நடக்க அவளுக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

வள்ளிநாயகி கதவைத் திறந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அடுத்த வீட்டில் இருப்பவளுக்கு எப்போது நரைத்தது என்றுகூட எல்லம்மாளுக்குத் தெரியவில்லை.

"வாங்க," என்றாள் வள்ளிநாயகி.

வா என்று சொல்லவில்லை. வாங்க. கூடப் பிறந்தவள் மரியாதை கொடுத்தால் அதைவிட அவமரியாதை வேறில்லை. எல்லம்மாள் உள்ளே போனாள்.

கூடம் முழுக்கக் கழி. சவுக்குக் கழிகளும் இரும்பு முட்டுகளுமாக, தரையிலிருந்து மெத்தை வரைக்கும் முப்பது, முப்பத்தைந்து இருக்கும். கரும்புத் தோட்டத்துக்குள் போகிற மாதிரி ஒதுக்கி ஒதுக்கித்தான் நடக்க வேண்டியிருந்தது.

"எப்போலேருந்து இப்டி?"

"ஆறு மாசமா. நாங்க இதுக்குள்ள படுக்கறதில்ல. மாட்டுக் கொட்டாயிலதான் படுக்கறோம்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொல்லலியா?" வள்ளிநாயகி ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இவரு சித்திர மாசம் உங்க வாசல்ல வந்து நின்னாரு. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. 'அண்ணா, ரெண்டு பேருமா சேந்து பிரிச்சுடலாம்'னு கேட்டாரு. பாவா, உங்க வூட்டுக்காரரு, இன்னா சொன்னாரு தெரியுமா? 'உன் பக்கம் உழுந்தா உன் பாடு'ன்னாரு. வாசல்லயே வெச்சு. உள்ளகூடக் கூப்பிடல."

வள்ளிநாயகி கையை மேலே காட்டினாள்.

"அத்தோட உட்டாரா? ஆடில இன்னொரு பூச்சு போட்டாரு. கீழ நாங்க கழிக்கு நடுவுல உக்காந்து சோறு தின்னுகினு கீறோம். மேல நீங்க ரெண்டு பேரும் கலவை கொட்டறீங்க. ஒவ்வொரு சட்டி கொட்டறப்பவும் கழியெல்லாம் கிர்ருனு முனகுது. உங்க காலடிச் சத்தம்கூட எனக்குத் தெரியும். கொலுசு போட்டுகினு இருந்தீங்க."

"எனக்குத் தெரியாதுடி வள்ளி. சத்தியமா தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

தெரிந்திருந்தால் எல்லம்மாள் சட்டியைக் கீழே வைத்திருப்பாளா? ஆமாம் என்று அடித்துச் சொல்ல அவளுக்கே வாய் வரவில்லை.

மாடத்தில், பேப்பரில் சுற்றின ஒரு பொட்டலம் இருந்தது. ஓரம் கிழிந்து, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் எட்டிப் பார்த்தது. எல்லம்மாள் அதைப் பார்த்ததை வள்ளிநாயகி பார்த்துவிட்டாள். முந்தானையால் சட்டென்று மூடினாள்.

"வளைகாப்புக்கு எங்களுக்குச் சொல்லல, இல்ல? பரவால்ல. நாங்க இந்த வெள்ளிக்கிழமையே ஆவடிக்குப் போறோம். எங்க பிள்ள ஸ்ரீதரு வந்துடச் சொல்லிட்டான். பூட்டிகினு போறோம்."

"பூட்டிகினா? அப்ப மெத்தை?"

"அவுரு இனிமே அண்ணன் வாசல மிதிக்க மாட்டாரு. பிரிக்கவும் வர மாட்டாரு, சம்மதம்னு கையெழுத்தும் போட மாட்டாரு. பிள்ள கூப்பிடறான், போறோம்."

"இந்தக் கழியெல்லாம்?"

"வாடகைக்கு எடுத்தது. வெள்ளிக்கிழமை காலைல வேன் வரும்."

எல்லம்மாள் அண்ணாந்து பார்த்தாள். இந்தக் கழிகள் தாங்கிக்கொண்டிருந்தது இவர்கள் பாதியை மட்டுமில்லை. "கழிய எடுத்தா எங்க பக்கமும் வந்துடுமேடி!"

"உங்க பக்கம் உழுந்தா உங்க பாடு," என்றாள் வள்ளிநாயகி. சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சொன்னாள். ஆறு மாசமாக வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை அது.

எல்லம்மாள் வீட்டுக்கு வந்தபோது ராஜமாணிக்கம் கட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாளத்தைத் தூக்கி வாசலில் போட்டிருந்தார். ஜமக்காளத்தை உதறி மறுபடி விரித்திருந்தார். கட்டிலை இரண்டடி தள்ளிப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார் போலும்.

"சித்திரைல உன் தம்பி வந்தாரா?"

"ஆங்."

"பிரிக்கலாம்னு சொன்னாரா?"

"சொன்னான்."

"அதுக்கப்புறமும் ஆடில கலவை போட்டியே! என் தலைலயே சுமக்க வெச்சியே! பொண்ணு வயித்துல பிள்ளையோட இங்கதானே வரும்னு உனக்குத் தெரியாதா?"

முப்பத்தெட்டு வருஷத்தில் எல்லம்மாள் புருஷனை 'நீ' என்று சொன்னதில்லை. இன்றைக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள்.

ராஜமாணிக்கம் கட்டில் சட்டத்தின் மேல் உட்கார்ந்தார். "அவன் வந்து சொல்லி நான் கேக்கணுமான்னு இருந்துச்சு. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல." ஜமக்காளத்தின் ஓரத்தை நீவிக்கொண்டே, "இன்னொரு பூச்சு போட்டா கெட்டியாயிடும்னு நெனச்சேன் எல்லம்மா. யுவா வர்றதுக்குள்ள கெட்டியாயிடும்னு," என்றார்.

மனுஷர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கழி எடுக்கப் போகும் விஷயத்தை அவரிடம் சொன்னாள். "போய் ஒரு வார்த்த கேளுங்க. கூடப் பிறந்தவன்தானே. கால்ல உழச் சொல்லல, கேக்கத்தான் சொல்றேன்."

"இப்ப நான் போனா, மெத்தைக்குப் பயந்து வந்தான்னு சொல்லுவான்."

"பயந்துதானே போறோம்!"

அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

நாலு மணிக்கு போன் வந்தது. யுவஸ்ரீ.

"அம்மா, மேஸ்திரி வந்தாரா? இன்னா சொன்னாரு? இவரு கேக்கச் சொன்னாரு. நைனா பூசிட்டாரா? நான் துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன் மா. கட்டில ஜன்னலோரமா போட்டுடு, எனக்கு வேர்வை தாங்கல. அந்தக் கொக்கி இன்னும் கீதா? என்னைப் போட்ட கொக்கி?"

பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. ஏழு மாசத்தில் அப்படித்தான் வாங்கும்.

"கீது கண்ணு," என்றாள் எல்லம்மாள். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டாள். "யுவா, நீ வராத."

"இன்னாமா?"

"வளைகாப்பு முடிஞ்சு நீ அங்கயே இரு. இங்க வராத. மெத்தை நிக்காதாம்."

போனில் மாமியார் யாருடனோ பேசுகிற குரல் மட்டும் தூரத்தில் கேட்டது.

"மொத பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குப் போவலியான்னு கேப்பாங்களே மா," என்றாள் யுவஸ்ரீ, மெதுவாக. "இங்க நல்லாதான் பாத்துக்கறாங்க. ஆனா எனக்கு உன்கிட்டதான் இருக்கணும். பயமா கீதுமா." பிறகு, ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டவள் மாதிரி அவசரமாக, "சித்தி வூட்ல இருக்கட்டுமா? நான் கேட்டா சித்தி வேணாம்னு சொல்லாது. உங்க சண்டைய ஒரு மூணு மாசம் நிறுத்தி வைங்க. ராத்திரி நீ வந்து கூடப் படுத்துக்கோ. பக்கத்து வூடுதானே?"

எல்லம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாகச் சொந்தப் புத்தியில் ஏறாததை, பெற்ற பெண்ணுக்கு அவளே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அதுவும் இதே மெத்தைதாண்டி கண்ணு."

போனை வைத்துவிட்டு அவள் எவ்வளவு நேரம் அங்கேயே நின்றாளோ தெரியாது. மலைப் பக்கம் இடி இடித்ததும்தான் நிமிர்ந்தாள். வீட்டுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. கோயில் மலை கண்ணுக்கே தெரியவில்லை. மழை அதை மறைத்துவிட்டு ஊர்ப் பக்கம் இறங்கி வந்துகொண்டிருந்தது.

மேஸ்திரி தோண்டின குழி!

வெளியே ஓடி வந்தாள். ராஜமாணிக்கம் ஏற்கெனவே மேலே இருந்தார். கரும்பு வண்டிக்குப் போடுகிற பழைய தார்ப்பாயை இழுத்துக்கொண்டு போய், குழியின் மேல் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்துக்கொண்டிருந்தார். எல்லம்மாள் ஏணியில் ஏறித் தலையை நீட்டினாள்.

முதல் தூறல் விழுந்தது. தார்ப்பாயின் இந்தப் பக்க விளிம்புக்கு அடியில் அவர் ஒரு செங்கல்லைச் செருகினார். இன்னொன்றையும் செருகினார். தண்ணீர் தார்ப்பாய் மேல் வழிந்து, வரப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்தது. கை தானாகச் செய்தது. யோசித்துச் செய்யவில்லை, பாவி மனுஷர்.

"ஏங்க! அந்தப் பக்கம் சாய்க்காதீங்க!"

ராஜமாணிக்கம் திரும்பினார். முகமெல்லாம் மழை. தான் செய்ததை அப்போதுதான் பார்த்தார். செங்கல்லை உருவினார். தார்ப்பாய் இந்தப் பக்கம் சரிந்தது. தண்ணீர் ஓடி வந்து, கூடத்துக்கு மேலே, கட்டிலுக்கு மேலே, தேங்கி நின்றது. மறுபடி செங்கல்லை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பின்ன எந்தப் பக்கம் சாய்க்கச் சொல்ற?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். எல்லம்மாளுக்கும் தெரியவில்லை.

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஒரு வேன் மேடுபள்ளத்தில் தத்தித் தத்தி வந்து தங்கை வீட்டு வாசலில் நின்றது. தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள் குதித்து இறங்கிக் கதவைத் தட்டினார்.

"அம்மா! வெள்ளிக்கிழம வரைக்கும் தாங்காது, மழை புடிச்சுட்டா இந்தத் தெருவுல வேன் வராது. கே.ஜி.கண்டிகை லோடு இன்னிக்கே எடுத்துடச் சொல்லிட்டாங்க. கழி அவுத்துடலாமா?"

கதவு திறந்தது. வள்ளிநாயகி வெளியே வந்தாள். ஏணியில் நிற்கிற அக்காளைப் பார்த்தாள். அதற்கு மேலே, கையில் செங்கல்லோடு மெத்தை நடுவில் நிற்கிற பாவாவைப் பார்த்தாள்.

"வள்ளி, வேணாண்டி!" என்று கத்தினாள் எல்லம்மாள்.

வள்ளிநாயகியின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று மழையில் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ராஜவேலுவின் குரல்தான் கேட்டது: "வந்துட்டாங்களா? உள்ள வரச் சொல்லு." மேலே அண்ணன் நிற்பது அவருக்குத் தெரியாது.

வள்ளிநாயகி கதவோரமாக ஒதுங்கி வழிவிட்டாள். இரண்டு ஆட்கள் சுத்தியோடு உள்ளே போனார்கள்.

"ஏங்க, எறங்கிடுங்க," என்றாள் எல்லம்மாள்.

ராஜமாணிக்கம் குனிந்து, தார்ப்பாயைச் சரிசெய்துகொண்டிருந்தார்.